காரைக்குடியில் ஒரு கணினிக் கடை: விற்பதற்கு முன் திறந்து காட்டுகிறார்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், காரைக்குடி கல்லூரிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய கணினிக் கடையில் என் பழைய கணினியைச் சீர்செய்துகொண்டேன். புதிய கணினி ஒன்றையும் பொருத்தி வாங்கினேன். பத்து மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடைக்காரர் ஒரே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு வேலை செய்பவர். பெயரைப் போட்டால் வருகிற கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று அவரே கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை நடக்கும் முறையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கணினி வாங்கப் போகிற யாருக்கும் அது பயன்படும்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இருந்த மரப்பெட்டிகளில் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்துப் பேரேடுகள், ஐந்தொகைத் தாள்கள், கல்யாணத்து மொய்ப்பண ஏடுகள், இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த ஏடுகள்) என்று ஏராளமாக இருக்கின்றன. எங்கள் ஊரில் இருந்துகொண்டு ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994-இல் சென்னைக்குச் சென்று ஆராய்ச்சி நூலகமாக நிலைத்துவிட்டன. எங்கள் வீட்டுக் காகிதங்களைக் கரையான் தின்பதற்கு முன் நாமும் படமாக்கி வைப்போம் என்று ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினேன். ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் முழு வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 4,960 புள்ளியும் உயரத்தில் 7,016 புள்ளியும் வருகின்றன. புள்ளிக்கு மூன்று பைட் என்று பெருக்கினால் ஒரு பக்கமே 104 மெகாபைட்டைத் தாண்டுகிறது. பேரேட்டின் ஒரு பக்கத்தை இரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருப்பதால் ஒரே சமயத்தில் ஏழெட்டுப் படங்கள் திறந்திருக்கும்.

என்னிடம் இருந்தது 2013-இல் வாங்கிய கணினி. கணக்கிடும் சில்லான பிராசசர் இன்டெல் ஐ3-3220, வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் ரேம் 4 ஜிபி, நிலையாகச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் 500 ஜிபி. மூன்றாவது படத்தைத் திறக்கும்போதே அது உறைந்து நின்றுவிடும். பன்னிரண்டு பக்கங்களைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சி இறக்கிவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. வேறோர் ஊரில் ஒரு கடையில் காட்டியபோது, பெட்டியைத் திறக்காமலேயே, 14,000 ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரைவதற்கான தனி அட்டை) போட வேண்டும் என்றார்கள். படம் தொடர்பான வேலை என்றதும் அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். நல்ல வேளையாக அன்று கையில் பணம் இல்லை.

காரைக்குடிக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே வேறு. "ஆச்சி, நீங்க தெனமும் செய்யற வேலைய இங்கேயே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றார். பென் டிரைவில் எடுத்துச் சென்றிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை அவர் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாவது படம் திறக்கும்போது பிராசசரின் உழைப்பு 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை; ரேம் முழுவதும் நிரம்பிவிட்டது; ஹார்டு டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் போய் நின்றது. ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் அதிலிருக்கும் ஒரு பகுதியை எடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. இந்தப் போக்குவரத்துதான் என் கணினியை நிறுத்தி வைத்திருந்தது. பிராசசர் வேலை செய்யத் திணறவில்லை, வேலை வந்து சேராமல் சும்மா உட்கார்ந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தாலும் அது அப்படியேதான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்த அரை மணி நேரத்தில் அவர் விளக்கியதை எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. சமைக்கும்போது கைக்கு எட்டும் அஞ்சறைப்பெட்டிதான் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம். அது மிகச் சிறியது. என் பழைய பிராசசரில் முதல் நிலைக் கேஷில் தரவுக்கென்று ஒரு கோருக்கு (பிராசசருக்குள் தனித்துக் கணக்கிடும் பகுதி) 32 கிலோபைட்டுதான், மூன்றாம் நிலையில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 3 மெகாபைட். அடுப்படி அலமாரிதான் ரேம். இரண்டாங்கட்டுச் சாமான் அறைதான் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் கருவி. ஹார்டு டிஸ்க்கோ ஊருக்கு வெளியே இருக்கும் சந்தை. தூரத்தைக் காலத்தால் அளந்து காட்டினார். முதல் நிலைக் கேஷிலிருந்து ஒன்றை எடுக்க ஏறக்குறைய ஒரு நானோ வினாடி ஆகிறது. அதையே ஒரு முழு வினாடி என்று வைத்துக்கொண்டால், ரேமிலிருந்து எடுக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில், முள் நகர்ந்து தடத்தைப் பிடித்துத் தட்டு சுற்றி வருவதற்குப் பன்னிரண்டு மில்லி வினாடி என்று கொண்டால், நான்கு மாதத்துக்கும் மேல் ஆகிவிடும். தாளித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி ஒரு பிடி மல்லிக்காக நான்கு மாதம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அதன் பிறகு எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அவர் உடனே புதிய கணினியை விற்க முனையவில்லை. பழையதில் இன்னும் 4 ஜிபி ரேமும் சாட்டா என்ற கம்பி இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி ஒன்றும் போட்டால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாக ஓடும் என்றார். அதோடு அதன் எல்லையையும் சொன்னார். அந்த மதர்போர்டில் (பாகங்களைப் பொருத்தும் பலகை) உள்ள எச்61 சிப்செட்டில் (பாகங்களை இணைக்கும் துணைச் சில்லு) சாட்டா இணைப்பு வினாடிக்கு 3 கிகாபிட் வேகம் மட்டுமே உடையது என்பதால் புதிய எஸ்எஸ்டி தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நிற்கவிருந்தது, இந்தத் தலைமுறைப் பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே பழையதைச் சீர்செய்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தங்கை மகளின் படிப்புக்குக் கொடுப்பது, என் வேலைக்குப் புதியது பொருத்துவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். பழைய கணினியை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நிற்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம் என்று காட்டி, நாற்பது ரூபாயில் அதையும் மாற்றிவிட்டார். அழகப்ப செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு, பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் நிற்கும் என்று பிறர் சொல்லித் தெரிய வேண்டியிருந்ததே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

புதிய கணினிக்கு அவர் பட்டியல் எழுதவில்லை, படம் வரைந்தார். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கட்டம், அது பிராசசர். அதிலிருந்து ரேமுக்கு நேராக இரண்டு கோடுகள். முன்பெல்லாம் ரேமுக்குப் போகும் வழி மதர்போர்டில் இருந்த தனிச் சில்லின் வழியாகப் போனது என்றும், 2003-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெல்லும் அந்த வேலையைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன என்றும் சொல்லிக்கொண்டே வரைந்தார். பிராசசரிலிருந்து எம்.2 எஸ்எஸ்டிக்கு (மதர்போர்டிலேயே செருகும் வகை) நேரடியாக ஒரு கோடு. சிப்செட்டுக்கு மற்றொரு கோடு; ஹார்டு டிஸ்க், நெட்வொர்க், பெரும்பாலான யுஎஸ்பி எல்லாம் அந்தச் சிப்செட்டின் பின்னால் வரிசையாக நின்றன. நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் அமைப்பை 1945-இல் கணித அறிஞர் வான் நியூமன் தம் அறிக்கையில் எழுதி வைத்தார். அந்த நினைவகத்துக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள குறுகிய வழியே கணினியின் முட்டுக்கட்டை என்று 1977-இல் கணினி அறிஞர் ஜான் பேக்கஸ், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் பரிசைப் பெற்ற உரையில் சுட்டிக்காட்டினார். இதைக் கல்லூரிக் காலத்தில் நான் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறேன். அது இந்தத் தாளில் உள்ள இரண்டு கோடுகளைப் பற்றிய பேச்சு என்பது அன்றுதான் புரிந்தது.

அந்தப் படத்தை வைத்தே ஒவ்வொரு பொருளையும் தேர்ந்தெடுத்தோம். பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர்கள், பன்னிரண்டு திரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைத்தொடர்கள்), 65 வாட், மூன்றாம் நிலைக் கேஷ் 16 மெகாபைட், வரைகலைப் பகுதியும் உள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. மதர்போர்டு பி550. ரேம் 32 ஜிபி, பதினாறு பதினாறாக இரண்டு. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (எம்.2 இடத்தில் செருகும் வேக வகை) ஒன்று, படங்களைச் சேமித்து வைக்க 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. அந்த மதர்போர்டின் அட்டைப்பெட்டியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிராசசரை எஸ்எஸ்டி போன்றவற்றோடு இணைக்கும் வேக வழி) நான்காம் தலைமுறை என்று பெரிதாக அச்சிட்டிருந்ததால் எஸ்எஸ்டியையும் அதே தலைமுறையில் வாங்கிவிடலாமே என்று கேட்டேன். 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது, அந்தக் கோடு பிராசசரிலிருந்து வருவதால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் வேகம் ஏறாது, கூடுதல் பணம் வீண் என்று சொல்லி விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்தார். தனக்கு வர வேண்டிய லாபத்தை ஒரு வியாபாரி இப்படித் தானே குறைத்துக்கொண்டதை நான் பார்த்தது அரிது.

பொருத்தும் நாளன்று எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும் இந்தப் பிராசசரின் அடிப்பக்கத்தில் 1,331 ஊசிகள் இருக்கின்றன. மிக மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் தொல்லை. மூலையில் இருக்கும் பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒத்துப் பார்த்து, நெம்புகோலைத் தூக்கி வைத்து, பிராசசரை விரல் நுனியால் மேலே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அது தன் எடையிலேயே இறங்கி அமர்ந்தது. "அமுக்கவே கூடாது ஆச்சி, தானா இறங்கலைன்னா நாமதான் தப்பா வச்சிருக்கோம்" என்றார். பிறகு நெம்புகோலை மடக்கி, நடுவில் பட்டாணி அளவுக்கு வெப்பப் பசையை வைத்து, மின்விசிறியை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் திருகினார். ஒரே பக்கம் முழுவதும் திருகினால் பசை ஒருபுறமாக ஒதுங்கிவிடும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்.

ரேம் போடும்போது நான்கு இடங்கள் இருந்தும், பிராசசருக்குப் பக்கத்திலுள்ள இரண்டில் போடாமல், இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டார். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று வினாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டும் தனித்தனிச் சேனலில் (பிராசசருக்குப் போகும் வழியில்) இருந்தால்தான் 51.2 ஜிபி ஆகும். இரண்டையும் ஒரே சேனலில் போட்டுவிட்டால் கொள்ளளவு மட்டும் கூடும், வழி ஒன்றாகவே இருக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுக் காட்டி, பிறகு இரண்டையும் போட்டார். உண்மையைச் சொன்னால், படங்களை ஒட்டும் வேலையில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்திப் பார்க்கும்போதுதான் வேறுபாடு தெரிந்தது, ஏனென்றால் உள்ளேயே இருக்கும் வரைகலைப் பகுதிக்கும் இதே ரேம்தான் நினைவகம். கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் ரேம் 2666 என்ற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததையும் அவர் கவனித்து 3200-க்கு மாற்றிவிட்டார். கவனிக்காமல் விட்டிருந்தால் எனக்கு எந்நாளும் தெரிந்திருக்காது.

இந்தக் கடையைப் பற்றி நான் மிகவும் மதித்துச் சொல்ல விரும்புவது இனி வருவது. பணம் முழுவதும் கொடுத்த பிறகு, வீட்டில் பழைய கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இருக்குமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது. கணினி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். எங்கள் வீட்டு மின்கம்பிகள் ஐயா காலத்தவை, பல இடங்களில் இரண்டு துளை பிளக்குகள்தான், எர்த் கிடையாது. கணினியின் பவர் சப்ளையில் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு கம்பிகளிலிருந்தும் பெட்டிக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருக்கிறார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பெட்டியின்மீது மிதந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்வதில்லை, ஆனால் யுஎஸ்பி துளைகளையும் ஸ்கேனரையும் நாளடைவில் கெடுத்துவிடக்கூடும். எர்த் போட்ட பிறகு வந்து எடுத்துச் செல்லுங்கள் என்று புதிய கணினியைக் கடையிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். அன்று கோபம் வந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்கட்டில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். எங்கள் பக்கத்துச் சரளை மண் சித்திரை வெயிலில் காய்ந்து கிடப்பதால் கோடை முழுவதும் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பெட்டியைத் தொட்டால் வெறும் இரும்பைத் தொடுவது போல இருக்கிறது. அந்தக் கோபத்துக்காக அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன்.

குறையும் உண்டு. அவர் கொடுத்த 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஏறக்குறைய 300 ஜிபி படங்களை ஒரே மூச்சில் ஏற்றியபோது, தொடக்கத்தில் வினாடிக்கு 180 மெகாபைட் என்று ஓடியது, சிறிது நேரத்தில் 30-க்கும் கீழே விழுந்துவிட்டது. விசாரித்துப் பார்த்ததில் அது எஸ்எம்ஆர் வகை என்று தெரிந்தது. எங்கள் வீடுகளில் நாட்டு ஓடு வேய்வது போல, ஒரு தடத்தின்மீது அடுத்த தடம் பாதி ஏறியிருக்கும்படி எழுதி இடத்தை மிச்சப்படுத்துவது அந்த முறை. கீழ்வரிசையில் ஓர் ஓடு உடைந்தால் மேலே இருப்பவற்றையெல்லாம் எடுத்துத்தானே மாற்ற வேண்டும்? அதுபோல ஓரிடத்தில் மாற்றி எழுத வேண்டுமென்றால் அதை ஒட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் வேகம் படுத்துவிடுகிறது. எப்போதாவது எழுதிவிட்டுப் படிக்க மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது போதும், நாள்தோறும் திருத்தி எழுதும் எனக்கு ஆகாது. இவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்தவர் இதை மட்டும் கவனிக்கத் தவறியது எனக்கு ஏமாற்றம்தான். போய்க் கேட்டபோது, வகையைப் பார்க்காமல் கொள்ளளவையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டதாக மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஒன்பது நாளில் தடங்கள் ஏறாத சிஎம்ஆர் வகையை வரவழைத்து, விலை வேறுபாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். அந்த ஒன்பது நாளும் என் வேலை நின்றது.

தாமதத்தையும் சொல்லியாக வேண்டும். மதர்போர்டு வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் பதினோரு நாள் காத்திருந்தேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தொலைபேசியை எடுப்பதே இல்லை. பில் முறையாகக் கொடுக்கிறார், ஒவ்வொரு பொருளின் பெட்டியையும் வாரண்டி அட்டையையும் நம் கையிலேயே கொடுத்துவிடுகிறார். மானிட்டர் இல்லாமல், 450 வாட் பவர் சப்ளையும் கேபினெட்டும் சேர்த்து எனக்கு ஆனது 46,200 ரூபாய். அதில் அவருடைய கூலி 1,000 மட்டுமே. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதற்கும் சேர்த்து இது மிகக் குறைவு என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு பக்கங்களைச் சேமிக்க இப்போது இருபது வினாடி கூட ஆவதில்லை. எட்டுப் படங்களைத் திறந்து வைத்தாலும் ரேமில் பாதிதான் நிறைகிறது. பத்து மாதத்தில் நான்கு பேரேடுகளையும் இரண்டு மொய்ப்பண ஏடுகளையும் முழுமையாக முடித்துவிட்டேன். அப்பச்சி (என் அப்பா) பிறந்த ஆண்டுக் கணக்கில், பிள்ளை பிறந்ததற்குச் சர்க்கரை வழங்கிய செலவை ஐயா தம் கையால் எழுதியிருந்த வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த அன்று நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடைக்குப் போகிறவர்கள் என்ன மாடல் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. தங்கள் வேலையில் எந்தக் கோப்பு அதிகம் காக்க வைக்கிறதோ அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, முடிந்தால் பழைய கணினியையும் தூக்கிக்கொண்டு, காலை பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். அதைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவர் விலையே சொல்லுவார்.